எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

பண்டார் பாரு மாவட்டத்தில் இரண்டு குடும்பத்தலைவர்கள் சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் மழையைப் பற்றியும் செம்பனை விலையைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்றோ அவர்களின் பேச்சு சிறிது நேரத்திற்குள் பக்கத்து வாடகை வீட்டில் வந்து நின்றுவிடுகிறது. நள்ளிரவு கடந்தும் ஓயாத ஒலிபெருக்கி, வாசலை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், மது மயக்கத்தில் எழும் கூச்சல், சாக்கடையில் மிதக்கும் புட்டிகள், தட்டிக் கேட்டால் கிடைக்கும் வசைமொழி என்று பட்டியல் நீளுகிறது. கேட்பவரும் தலையசைத்துத் தம் தெருவின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். இறுதியில், "காலம் கெட்டுவிட்டது" என்ற ஒரு பெருமூச்சோடு இருவரும் பிரிகின்றனர்.

காலம் கெட்டுவிட்டதா? அன்று, காலத்திற்கு மனமும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. ஒவ்வொரு மாதமும் அந்த வீட்டின் வாடகையைத் தம் கணக்கில் வாங்கிக்கொள்ளும் ஒருவர் எங்கோ இருக்கின்றார். அவர் அந்தத் தெருவில் உறங்குவதில்லை. அவர் பிள்ளை அந்தச் சத்தத்தில் பாடம் படிப்பதில்லை. அவர் பெயர்கூடத் தெருவில் பலருக்குத் தெரியாது. நம் கோபம் முழுவதும் குடியிருப்பவர்மீது பாய்கின்றது. வீட்டுக்கு உடையவரோ நிழலில் நிற்கின்றார். எய்தவன் இருக்க அம்பை நோகும் இப்போக்கு மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

முதலில் நம் ஊரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். கெடா மாநிலத்தின் தென்கோடியில், பினாங்கும் பேராக்கும் வந்து கூடும் மூலையில் அமைந்தது பண்டார் பாரு. கிரியான் ஆற்றைக் கடந்தால் பாரிட் புந்தார். இந்த வட்டாரத் தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். அல்லது லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள். லயத்து வீட்டிற்கு இடையே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஆயினும் இரவு அடங்கியது. ஏன்? விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும், பால்மரம் காத்திராது. எல்லை மீறியவனைக் கங்காணி கூப்பிட்டு விசாரித்தார். அவரால் ஆகாவிடில் கிராணியும் அவருக்கு மேல் துரையும் இருந்தனர். அந்த ஆட்சி நல்லாட்சி என்று நான் சொல்லவரவில்லை. அது கூலிக்காரனை அடக்கி வைப்பதற்கென்றே ஏற்பட்ட ஆட்சி. அதன் கொடுமைகளை நம் முன்னோர் தம் உடலில் சுமந்தனர். எனினும், "இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடிந்தது.

தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, மேம்பாட்டிற்காக அழிக்கப்பட்டன. மக்கள் தாமான்களுக்கு வந்தனர். தாமானில் கங்காணி இல்லை, அது நல்லதே. ஆனால் கங்காணியின் இடத்தில் சுதந்திர மனிதர்களுக்கு உரிய வேறோர் ஒழுங்கை நாம் அமைத்துக்கொண்டோமா? இல்லை. அடுக்குமாடி வீடுகளிலாவது 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் நிர்வாகக் குழுவும் அதன் விதிகளும் உண்டு. தரைவீடுகள் வரிசையாக நிற்கும் நம் தாமான்களுக்கு அதுவும் இல்லை. பொறுப்பாளர் இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் இன்றைய இரைச்சல் குடிபுகுந்திருக்கின்றது.

இரைச்சல் ஒரு சிறிய தொல்லை, அதற்கு இத்துணைப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆசிரியர்களாகிய நாம் அப்படிக் கேட்கக்கூடாது. காலை வகுப்பில் கண்ணயரும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது எளிது. முதல்நாள் இரவு அவன் எத்தனை மணிக்கு உறங்கினான் என்று கேட்பதே ஆசிரியர் வேலை. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில், படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலையும், வகுப்பறைக்குள் கேட்கும் பின்னணி ஒலி 35 டெசிபலையும் தாண்டலாகாது என்று கூறியது. நம் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, நடுத்தர நெருக்கமுள்ள குடியிருப்புகளுக்கு வீட்டுக்கு வெளியே பகலில் 55 டெசிபல் என்றும், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை 45 டெசிபல் என்றும் அளவு குறித்தது. சாதாரண உரையாடலே ஏறத்தாழ 60 டெசிபல். ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகின்றது. அப்படியானால் சுவருக்கு அப்பால் அதிரும் ஒலிபெருக்கி எந்தக் கணக்கில் சேரும்?

கல்வியில் இதன் விளைவு என்ன என்பதற்கும் சான்று உண்டு. நியூயார்க் நகரில், உயர்த்திக் கட்டிய இருப்புப்பாதையின் அருகே ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. கட்டடத்தின் ஒரு பக்கத்து வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரயிலின் பேரொலி; மறுபக்கத்து வகுப்புகளில் அமைதி. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியலாளர் மெக்கார்த்தி என்பவரோடு சேர்ந்து 1975-இல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சல் பக்கத்து மாணவர் வாசிப்புத் திறனில் பின்தங்கியிருந்தனர் என்றும், மேல்வகுப்பில் அந்தப் பின்னடைவு ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு அளவுக்கு இருந்தது என்றும் காட்டினார். பின்னர்த் தண்டவாளத்தில் இரப்பர்த் தாங்கிகளும் வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரைத் தகடுகளும் பொருத்தப்பட்டன. 1981-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த வேற்றுமை மறைந்திருந்தது. பள்ளியும் அதுவே, பாடமும் அதுவே, இரைச்சலைக் குறைத்ததும் பிள்ளைகள் முன்னேறினர். இரவில் உறக்கத்தையும் மாலையில் வீட்டுப்பாடத்தையும் பறிகொடுக்கும் நம் பிள்ளையின் இழப்பை யார் கணக்கெடுத்தார்?

ஆகவே இது பொழுதுபோகாத கிழவர்களின் முணுமுணுப்பு அன்று. எஸ்.பி.எம். எழுதும் மகளுக்கும், இரவு வேலை முடித்து வந்து பகலில் உறங்கவேண்டிய தகப்பனுக்கும், நோயுற்ற பாட்டிக்கும் உரிய அமைதியைப் பற்றிய வழக்கு.

இனி, அந்த வாடகை வீட்டில் இருப்பவர் யார் என்று பார்ப்போம். 1996-இல் திறக்கப்பட்ட குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும், பினாங்குப் பெருநிலத்தின் தொழிற்பேட்டைகளும் இந்த வட்டாரத்தைச் சூழ்ந்திருக்கின்றன. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும்; ஆளுக்கு உறைவிடம் வேண்டும். மூன்று அறை வீடொன்றில் ஒரு பட்டாளத்தையே அடைத்துவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. அத்தகைய வீட்டில் ஒரு பகுதியினர் இரவில் வேலையிலிருந்து திரும்புவர். ஒரு பகுதியினர் புறப்படுவர். அவர்கள் சமைக்கவேண்டும், குளிக்கவேண்டும், கடல்கடந்த ஊரிலிருக்கும் மனைவி மக்களோடு பேசவேண்டும். உட்கார இடமில்லாதபோது ஐந்தடி நடைபாதைக்கும் தெருவுக்கும்தான் வருவார்கள். இதனைக் கண்டு, "வங்காளதேசத்தான் அப்படித்தான், நேப்பாளி அப்படித்தான்" என்று பேசுகின்ற நாவுகள் தமிழ் நாவுகளாக இருப்பது எனக்கு வேதனை தருகின்றது. நெருக்கமான லயத்தில் அடைக்கப்பட்டு, "கூச்சல் போடும் கூலிகள்" என்று ஏசப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்?

மேலும், தாமான் இரைச்சல் எல்லாம் அயல்நாட்டாரின் இரைச்சல் என்பதும் பொய். பிறந்தநாள் என்ற பெயரில் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டு விடியும்வரை பாட்டைப் போடுபவர் யார்? மலிவான மதுவைக் குடித்துவிட்டுப் புகைக்குழாயைத் திருத்திய மோட்டார் சைக்கிளில் தெருவை அதிரவைக்கும் இளைஞர் யார்? அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. இரைச்சலுக்கு இனமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. எனவே குடியிருப்பவரின் நிறத்தையும் மொழியையும் ஆராய்வது வீண்வேலை. இத்தனை வகைக் குடியிருப்பாளருக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். வாடகையை வாங்கிக்கொண்டு வீட்டை மறந்துவிட்ட உடைமைக்காரரே அந்தப் பொதுவான ஒன்று.

அவர் சொல்லும் சமாதானங்கள் மூன்று.

"அது என் வீடு, நான் யாருக்கும் விடுவேன்" என்பது முதலாவது. வீடு உம்முடையதுதான், ஐயா. ஆனால் சுவருக்கு அப்பால் செல்லும் ஒலி உம்முடைய மனைக்கட்டுக்குள் அடங்குவதில்லை. உமது மாமரத்தின் கிளை அடுத்தவன் கூரையை உடைத்தால் மரம் என்னுடையது என்று சொல்லித் தப்ப முடியுமா?

"வாடகைக்கு விட்டபின் என் கையில் ஒன்றும் இல்லை" என்பது இரண்டாவது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தைப் படிப்போர் இதனை ஏற்கமாட்டார். கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டுமன்றிச் செவிக்கு ஊறு செய்வதையும் அச்சட்டம் தொல்லை என்றே வரையறுக்கின்றது. பொதுத்தொல்லைகளை அகற்றுவது ஊராட்சி மன்றத்தின் கடமை என்று அதன் 80-ஆம் பிரிவு கூறுகின்றது. 82-ஆம் பிரிவின்படி, தொல்லை இருப்பது உறுதியானால், யாருடைய செயலாலோ தவறாலோ, அல்லது யார் அதனைக் கண்டும் விட்டுவைத்ததாலோ அது நேர்கின்றதோ அவருக்கு மன்றம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும்; அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவ்விடத்தில் குடியிருப்பவருக்கோ உடையவருக்கோ கொடுக்கவேண்டும். "கண்டும் விட்டுவைத்தவர்" என்ற கருத்தை ஆசிரியர்கள் அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும். பலமுறை முறையிட்டும் அசையாத உடைமைக்காரருக்கு அது கண்ணாடிபோல் பொருந்துகின்றது.

தொழிலாளரை அடைத்துவைக்கும் வீடுகளுக்கு இன்னும் கடுமையான சட்டம் உண்டு. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆம் எண் சட்டம் எனப்படுவது, தொடக்கத்தில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் கருதி எழுந்தது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் பிற துறை முதலாளிகளுக்கும் விரிந்தது. தொழிலாளர் துறையின் சான்றிதழ் இன்றி ஒரு வீட்டை உறைவிடமாக்கக் கூடாது. ஒரு தொழிலாளிக்கு இத்தனை சதுர மீட்டர் படுக்கையிடம் வேண்டும் என்றும் விதிகள் உண்டு. அதே 2020 நவம்பரில், கிள்ளான் மேரு வட்டாரத்துத் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் தொற்று காட்டுத்தீபோல் பரவியபோதுதான், நெரிசல் என்பது குடியிருப்பவனுக்கும் ஊருக்கும் ஒருசேரக் கேடு என்பதை நாடு உணர்ந்தது. சான்றிதழ் உண்டா என்று தொழிலாளர் துறையிடம் கேட்பது அண்டைவீட்டாரின் அமைதிக்காக மட்டுமன்று. உள்ளே நெருக்கிப் படுத்திருக்கும் அந்த ஏழைத் தொழிலாளிக்காகவும்தான்.

"குடியிருப்பவரை வெளியேற்றச் சட்டம் இடங்கொடாது" என்பது மூன்றாவது சமாதானம். இதில் பாதி உண்மை. 1950-ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வாடகைக் காலம் முடிந்தபின்பும் வெளியேறாதவரை நீதிமன்றத்தின் வழியே அன்றி வெளியேற்றலாகாது என்கின்றது. அது நல்ல சட்டம்; இரவோடு இரவாகப் பூட்டை மாற்றிப் பெட்டியைத் தெருவில் எறியும் கொடுமையைத் தடுப்பது. ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது அண்டையாருக்குத் தொல்லை தரலாகாது என்ற விதியைச் சேர்க்க எந்தச் சட்டம் தடுக்கிறது? இத்தனை பேர்தாம் தங்கலாம் என்று எழுதத் தடை உண்டா? முறையீடு வந்தால் நேரில் வந்து பார்க்கத்தான் தடை உண்டா? வாடகை ஒரு வாரம் தாமதமானால் ஓடோடி வருபவருக்கு, முறையீடு வந்தால் மட்டும் வழி தெரியாமல் போகும் விந்தை என்னே!

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டன? ஸ்காட்லாந்து 2004-இல் சமூக விரோத நடத்தைச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி வாடகைக்கு வீடு விடும் தனியார் ஊராட்சியில் பதிவு செய்துகொள்ளவேண்டும். 2006-இல் இது நடைமுறைக்கு வந்தது. வாடகையாளர் அண்டையாரை வதைத்தால், என்ன செய்யவேண்டும் என்று குறிப்பிட்டு உடைமைக்காரருக்கே ஊராட்சி அறிவிப்பு அனுப்பலாம். அவர் அசட்டை செய்தால், வாடகை வாங்கும் உரிமையையே நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம். நோய்க்கு ஏற்ற மருந்து இது. பணம் வரும் குழாயை மூடினால் செவி தானே திறக்கும். நம் அண்டைநாடான சிங்கப்பூர் 1998-இல் சமூகச் சமரச மையத்தை ஏற்படுத்தியது. 2015-இல் அண்டைவீட்டார் பூசல்களுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைத்தது. முதலில் பேசவைப்பது, பேச்சு முறிந்தால் ஆணையிடுவது என்ற வரிசை அங்கே உண்டு. இங்கே நமக்கு இருப்பது என்ன? காவல்துறையின் ரோந்து வண்டி வரும், சத்தம் குறையும், வண்டி போகும், சத்தம் திரும்பும்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது யாது? நம்மிடையே இரண்டு பழக்கங்கள் உள்ளன, இரண்டும் கேடானவை. ஒன்று, "நமக்கேன் வம்பு" என்று சன்னலைச் சாத்திக்கொள்வது. இதனை நாம் பொறுமை என்று அழைக்கின்றோம். தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவது பொறுமை. தன் பிள்ளைக்கும் அடுத்த வீட்டு நோயாளிக்கும் வரும் துன்பத்தைப் பார்த்திருப்பதற்கு வேறு பெயர். மற்றொன்று, பல மாதம் பொறுத்துவிட்டு ஒருநாள் கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவது. அதன் முடிவு என்ன என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா அருகே கம்போங் மேடானில், ஒரு திருமண வீட்டையும் ஒரு துக்க வீட்டையும் ஒட்டி எழுந்த அண்டையார் பூசல் இனக்கலவரமாக மூண்டு, ஆறு உயிர்களைக் குடித்தது. ஏழைகள் நெருங்கி வாழும் இடத்தில், பூசலைக் கேட்டுத் தீர்த்துவைக்க ஒருவரும் இல்லாவிடில் ஒரு சொல்லும் தீப்பொறியாகும்.

சன்னலுக்கும் கம்புக்கும் இடையே ஒரு வழி உண்டு. அது எழுத்து. எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் அதனை மறந்ததுதான் வியப்பு. நாள், மணி, நிகழ்ந்தது என்ன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கோபச் சொற்கள் வேண்டா. மூன்று வாரக் குறிப்பு முந்நூறு வசைகளைவிட வலியது. முதலில் குடியிருப்பவரிடம் பகலில், அமைதியான வேளையில், மரியாதையோடு பேசுங்கள். பல வேளைகளில் அதுவே போதும். சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை அவர் அறியாமல் இருக்கக்கூடும். அடுத்து உடைமைக்காரருக்கு எழுதுங்கள். பூசல் முற்றும் நிலை என்றால் ருக்குன் தெத்தாங்காவின் உதவியை நாடுங்கள். 1975-இல் தோன்றிய அவ்வமைப்புக்கு 2012-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அதன்பின் ஒரே கடிதத்தில் பல வீட்டார் கையொப்பமிட்டு, பண்டார் பாரு மாவட்ட மன்றத்திற்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அடியோடு நீக்கியது. மன்ற உறுப்பினரை நாம் வாக்களித்து மாற்ற முடியாது. ஆதலால் முத்திரையிட்ட முறையீடே நமக்குள்ள வாக்கு. மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது என்று வகுப்பில் கதை சொல்லுகின்றோம். மணியை ஆட்ட ஒருவர் வந்ததனால்தான் அந்தக் கதையே பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாவா?

இறுதியாக, இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு கேள்வி. அந்த வாடகை வீட்டுக்காரர் யார்? அவர் ஏதோ கண்காணாத செல்வந்தர் என்று எண்ணவேண்டா. அரசு ஊழியர் கடனில் முதல் வீடு வாங்கி, சேமிப்பில் இரண்டாவது வீடு வாங்கி, அதன் தவணையை வாடகையால் கட்டிவரும் நடுத்தர வகுப்பினரே தாமான்களில் மிகுதி. அவர்களில் ஆசிரியர்களும் உண்டு, தமிழாசிரியர்களும் உண்டு. காலையில் நன்னெறிக் கல்வி வகுப்பில் அண்டை அயலாரை மதித்தல் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, மாலையில், "என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, முகவரைக் கேளுங்கள்" என்று தொலைபேசியை வைப்பவர் எந்த நெறியைக் கற்பிக்கின்றார்? வாடகைக்கு விட்ட வீட்டின் இருபக்கத்து அண்டையாரிடமும் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுக்காத ஆசிரியர், வகுப்பில் அந்தப் பாடத்தைத் திறக்கவேண்டா.

வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு வீட்டின் உடைமைக்காரர் பெயரும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியும், அவ்வீட்டில் தங்கத்தக்கவர் எண்ணிக்கையும் மாவட்ட மன்றத்தில் பதிவாகவேண்டும். இரண்டு முறை எச்சரித்தும் அசையாத உடைமைக்காரரின் பதிவு நீக்கப்படவேண்டும். இதனைச் சட்டமாக்கக் கேட்பது மாநில அரசிடம், கேட்கவேண்டியவர் நாம். நம் ஆசிரியர் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஊதிய உயர்வுக்கும் கட்டட நிதிக்கும் எழுதும் அதே மையில் இதற்கும் ஒரு மனு எழுதட்டும். மனுவில் முதல் கையொப்பம் இடுபவர், இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் ஆசிரியராக இருக்கட்டும்.